பெயர் பெற்ற முகங்களும் பெயரற்ற முகங்களும்: ஜூலியா மார்கரெட் கேமரனின் பெண் உருவப்படங்களும் இலங்கைத் தோட்டத் தமிழ்ப் பெண்களும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண் உருவப்பட வரலாற்றில் ஜூலியா மார்கரெட் கேமரனின் (1815–1879) ஒளிப்படங்கள் தனியிடம் பெற்றவை. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் உள்ள பெண்கள் இன்று பெயரோடு அறியப்படுகின்றனர். வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இலங்கையில் அவர் எடுத்த படங்களிலுள்ள உள்நாட்டுப் பெண்கள் பெயரின்றியே அட்டவணைகளில் இடம்பெறுகின்றனர். ஒரே ஒளிப்படக் கலைஞரின் ஆக்கங்களுக்குள் நிகழ்ந்த இவ்வேறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தோடு பெயர் ஒட்டிக்கொள்வது பதிப்புரிமைப் பதிவு, விற்பனை, குடும்ப நினைவு ஆகியவற்றின் விளைவு என்பதையும், அவை இல்லாத இடத்தில் உடற்சான்றுகளும் தோட்ட ஆவணங்களும் ஆய்வுக்குத் துணையாகும் என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்பட வரலாறு, பெண் உருவப்படம், இலங்கை மலையகம், புலம்பெயர்வு, அருங்காட்சியக அட்டவணை, சிவகாசி.

முன்னுரை

சிவகாசியும் அதனைச் சூழ்ந்த கரிசல் ஊர்களும் 1870களில் திருநெல்வேலி மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சேர்ந்து, 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாயின. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் தோன்றுவதற்கு முன்பு இவ்வட்டாரம் மழையை நம்பிய வானம்பார்த்த பூமி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது தென்மாவட்டங்களிலிருந்து பெருந்திரளான மக்கள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கிச் சென்றனர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளே இப்புலம்பெயர்வின் முதன்மை ஊற்றுகள்.

பஞ்சம் நிலவிய அதே ஆண்டுகளில்தான், ஆங்கில உருவப்படக் கலையில் பெயர்பெற்ற ஒரு பெண் இலங்கைத் தோட்டங்களுக்கு இடையே தம் ஒளிப்படப் பெட்டியுடன் வாழ்ந்துவந்தார். அவருடைய படங்கள் இன்று லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சிகாகோ நகரங்களின் கலைத்தொகுப்புகளில் உயர்மதிப்புடன் காக்கப்படுகின்றன. அவற்றுள் பெயர்பெற்ற மகளிர் பலர் உள்ளனர். தென்தமிழக ஊர்களிலிருந்து சென்றிருக்கக்கூடிய பெண்களும் அதே கலைஞரின் படங்களில் உள்ளனர். முன்னவரைப் பற்றி நூல்கள் குவிந்துள்ளன. பின்னவரைப் பற்றித் தமிழில் பேச்சே குறைவு.

பெயர் எவ்வாறு வந்தது

கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். 1838இல் அவரை மணந்த சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். இலங்கையின் ஆட்சியமைப்பை மாற்றியமைத்த கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவில் பணியாற்றியவர். அத்தீவில் தோட்ட நிலங்களை வாங்கியவர். குடும்பம் இங்கிலாந்து திரும்பி வைட் தீவின் பிரஷ்வாட்டரில் குடியேறிய பின், 1863ஆம் ஆண்டு இறுதியில் மகளும் மருமகனும் அவருக்கு ஓர் ஒளிப்படப் பெட்டியைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எடுத்தவையே இன்று அறியப்படும் படங்களில் மிகப் பெரும்பாலானவை. ஜூலியன் காக்ஸ், காலின் போர்ட் இருவரும் தொகுத்து 2003இல் வெளிவந்த முழு அட்டவணை 1,200க்கும் மேற்பட்ட படங்களைப் பதிவுசெய்கிறது.

அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அமர்ந்திருப்பவர் சில நிமிடங்கள்கூட அசையாமல் இருக்க நேரும். ஆகவே அமர்பவருக்கும் எடுப்பவருக்கும் இடையே இணக்கமோ அதிகாரமோ இல்லாமல் படம் உருவாவதில்லை. யாரென்று தெரியாத ஒருவரைப் போகிறபோக்கில் படம்பிடித்துச் செல்லும் வாய்ப்பு அத்தொழில்நுட்பத்தில் இல்லை. இலங்கைப் படங்களை மதிப்பிடும்போது இச்செய்தி முதன்மை பெறுகிறது.

1862ஆம் ஆண்டின் கலைப்பதிப்புரிமைச் சட்டம் பிரிட்டனில் ஒளிப்படத்துக்கும் உரிமை வழங்கியது. உரிமை வேண்டுவோர் இலண்டன் ஸ்டேஷனர்ஸ் மண்டபப் பதிவேட்டில் படத்தைப் பற்றிய சிறு விவரிப்பை எழுத வேண்டும். கேமரன் 1864க்கும் 1875க்கும் இடையே 500க்கும் மேற்பட்ட படங்களை அங்குப் பதிவுசெய்தார். கோல்நாகி என்ற இலண்டன் வணிக நிறுவனம் அவருடைய படங்களை விற்றது. படம் ஒட்டிய அட்டையின் கீழே தலைப்பையும், உயிருள்ள உருவிலிருந்து எடுத்தது என்ற குறிப்பையும் அவர் தம் கையாலேயே எழுதினார். அமர்ந்தவரை அடையாளம் காட்டும் செய்தி எங்கேனும் எழுதப்பட்டமைக்கு இவ்வாறு சட்டமும் சந்தையும் காரணமாயின.

ஆயினும் ‘புகழ்பெற்ற பெண்’ என்ற வகைப்பாடு படம் எடுத்த நாளில் உருவானதன்று. நடிகை எலன் டெர்ரியை அவர் 1864இல் படமெடுத்தபோது அப்பெண் இன்னும் பதின்வயதினரே. அப்படத்துக்குக் கேமரன் தந்த தலைப்பு ‘சோகம்’ என்பதே. டெர்ரி ஆங்கில நாடக மேடையின் பெரும்புகழ் பெற்றது பிற்காலத்தில். ஆலிஸ் லிடெல் 1872இல் ‘பொமோனா’ என்ற உரோமத் தெய்வமாக நின்றார். லூயிஸ் கரோலின் கதை நாயகிக்குப் பெயர் தந்தவர் என்பதாலேயே அப்படம் இன்று தேடப்படுகிறது. கேமரனின் சகோதரி மகள் ஜூலியா ஜாக்சன் 1867ஆம் ஆண்டுப் படங்களால் அறியப்படுகிறார். அவர் வர்ஜீனியா வுல்ப்பின் தாய் என்பது அப்புகழுக்குப் பெருந்துணை. ஒருவர் பிற்கால மேடைப் புகழாலும், மற்றொருவர் நூலொன்றின் வழியாகவும், இன்னொருவர் மகளின் வழியாகவும் பெயர் பெற்றனர். வுல்ப்பும் ரோஜர் பிரையும் 1926இல் முன்னுரை எழுதி வெளியிட்ட கேமரன் படத்தொகுப்பின் தலைப்பே ஆடவரைப் ‘புகழ்பெற்றோர்’ என்றும் மகளிரை ‘அழகியர்’ என்றும் பிரிக்கிறது. அதில் எள்ளல் இருக்கலாம். எனினும் அக்காலத்து வகைப்பாட்டை அது சரியாகவே காட்டுகிறது.

பணிப்பெண்களின் பெயர்

கேமரனின் உறவினரும் நண்பரும் பெயர் பெற்றதற்கு வர்க்கமே காரணம் என்று கூறிவிடலாம். சான்றுகள் அதற்கு முழுதும் இடந்தரவில்லை. கன்னி மரியாளாகப் பலமுறை அமர்ந்த மேரி ஹில்லியர் அவர் வீட்டுப் பணிப்பெண். மேரி ரயான் பிச்சையெடுத்த பெண்ணின் மகளாக வீட்டுக்கு வந்து, பணிப்பெண்ணாக வளர்ந்தவர். 1867இல் வங்காள ஆட்சிப்பணியாளர் ஹென்றி காட்டனை மணந்தார். அந்தக் காட்டனே 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். இந்திய அரசியல் வரலாற்று மாணவர் அறிந்த ஒரு பெயர் இங்ஙனம் ஒளிப்பட வரலாற்றுக்குள் நுழைகிறது.

இப்பணிப்பெண்கள் படத்தலைப்புகளில் பெரும்பாலும் புராண, விவிலியப் பாத்திரங்களாகவே வந்தனர். எனினும் அவர்களுடைய பெயர்கள் தப்பின. வீட்டார் எழுதிய கடிதங்கள், குடும்பப் படத்தொகுப்புகள், ஊராரின் நினைவு, அவர்தம் சந்ததியினர் ஆகிய நான்கும் அப்பெயர்களைக் காத்தன. ஏழைமை பெயரை அழிக்கவில்லை. பெயரைச் சொல்லக்கூடியவர் படத்தின் அருகில் இருந்தனர்.

களுத்துறையும் திக்கோயாவும்

1875 அக்டோபரில் கேமரன் தம்பதியர் இலங்கைக்குப் புறப்பட்டனர். தங்கள் சவப்பெட்டிகளையும் உடன்கொண்டு சென்றனர் என்பது அவர்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கோப்பி இலைநோய் 1869இலேயே தீவில் கண்டறியப்பட்டிருந்தது. தோட்ட வருவாய் சரிந்துகொண்டிருந்தது. மேற்குக் கரையிலுள்ள களுத்துறையிலும், பின்னர் திக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்டத்திலும் மகன்மாருடன் அவர்கள் தங்கினர். கேமரன் 1879 ஜனவரி 26இல் கிளென்கேனில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது.

இலங்கையில் எடுத்தவையாக இன்று அறியப்படுபவை ஏறத்தாழ முப்பதுக்குள் அடங்கும். வெப்பத்தில் கொலோடியன் விரைந்து உலரும். தகடு கழுவ நல்ல நீர் வேண்டும். இரசாயனங்கள் கப்பலில் வர வேண்டும். படங்கள் குறைந்தமைக்கு இவை போதிய காரணங்கள். பெயர்கள் இல்லாமற்போனமைக்கு இவை காரணமாகா.

இலங்கைப் படங்களில் பெயரோடு விளங்கும் பெண் ஒருவர் உண்டு. அவர் ஆங்கிலேயத் தாவர ஓவியர் மரியான் நார்த். 1877 ஜனவரியில் களுத்துறைக்கு வந்த அவரைக் கேமரன் சால்வை போர்த்தி, கூந்தலை விரித்துவிட்டு, நண்பகல் வெயிலில் தென்னங்கீற்றுகளிடையே நிற்கவைத்ததை நார்த் தம் தன்வரலாற்றில் நகைச்சுவையுடன் எழுதுகிறார். அங்கு வந்த உள்நாட்டவர் ஒருவரின் முதுகு மிக அழகாக இருந்ததால், தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளக் கேமரன் மகனிடம் வற்புறுத்தியதையும் அவரே குறிப்பிடுகிறார். நார்த் ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்று, அவர் ‘தமிழ்ச் சிறுவன்’ ஒருவனை வரைவதாகவே தலைப்பிட்டு வழங்கப்படுகிறது. ஒரே சட்டகத்துக்குள் ஒருவர் பெயராலும் மற்றவர் இனத்தாலும் சுட்டப்பெறுகின்றனர்.

1878ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்ற படம் இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. அதன் குறிப்பில் சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், தாம் அவளுடைய தந்தை என்று கூறும் முதியவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் எழுதப்பட்டுள்ளது. அங்கு ஓர் உரையாடல் நிகழ்ந்தது என்பதற்கு இது சான்று. வயது கேட்கப்பட்டது அல்லது சொல்லப்பட்டது, உறவுமுறை சொல்லப்பட்டது, எழுதுபவருக்கு அதில் ஐயம் கலந்த வியப்பும் இருந்தது. இவ்வளவையும் குறித்த கை பெயரைக் குறிக்கவில்லை. மொழித்தடை இதற்கு விளக்கமாகாது. வயதைத் தெரிந்துகொள்ள முடிந்தவருக்குப் பெயரையும் தெரிந்துகொள்ள முடிந்திருக்கும். ஸ்டேஷனர்ஸ் மண்டபப் பதிவு இல்லை, இலண்டன் வணிகரின் கேள்வி இல்லை, அமர்ந்தவரின் குடும்பத்துக்குப் படியொன்று தரும் வழக்கமும் இல்லை. பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை என்பதே உண்மையை நெருங்கிய விளக்கம்.

அதே காலத்தில் இலங்கையில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற நிறுவனங்கள் உள்நாட்டு மக்களை இனவகை மாதிரிகளாகப் படமெடுத்து விற்றன. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசு வெளியீடும் அவ்வகைப்பட்டதே. கேமரனின் படங்கள் அவற்றிலிருந்து வேறுபட்டவை என்று கலை வரலாற்றாசிரியர் கூறுவர். அளவுகோலோ, வகையெண்ணோ அவற்றில் இல்லை. அவ்வேறுபாடு மெய்யே. ஆனால் ஜோன் லுகிட்ஷ் 1996இல் வெளியிட்ட கட்டுரை வலியுறுத்துவதுபோல், இப்படங்களைத் தோட்ட உடைமையாளர் குடும்பத்துப் பெண் எடுத்தவை என்பதை மறந்து படித்தல் இயலாது. அசையாமல் நிற்கச் சொன்னவர் துரையின் தாய். நின்றவர் அத்துரைக்குக் கீழே கூலி பெறுபவராக இருந்திருக்கலாம்.

அமெரிக்கத் தொகுப்புகளின் பங்கு

கேமரனின் புகழ் அமெரிக்காவில் நிலைபெற்ற வரலாறும் பெயருள்ள முகங்களின் வரலாறே. ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கிலிருந்து நடத்திய ‘கேமரா ஒர்க்’ இதழ் 1913 ஜனவரியில் கார்லைல், ஹெர்ஷல், யோவாகிம் ஆகிய ஆடவரோடு எலன் டெர்ரியின் படத்தையும் வெளியிட்டது. 1864இல் ‘சோகம்’ என வழங்கிய அப்படம் இப்போது நடிகையின் பெயரையே தலைப்பாகப் பெற்றது. கெட்டி அருங்காட்சியகம் 1984இல் ஒளிப்படத் துறையைத் தொடங்கிப் பெருந்தனியார் தொகுப்புகளை விலைக்கு வாங்கியபோது கேமரனின் படங்கள் பெருமளவில் அங்குச் சேர்ந்தன. 1998இல் சிகாகோ கலை நிறுவனத்திலும் 1999இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் சான்பிரான்சிஸ்கோவிலும் ‘ஜூலியா மார்கரெட் கேமரனின் பெண்கள்’ என்ற கண்காட்சி நடந்தது. கேமரனைப் பெண் உருவப்படக் கலைஞராக நிலைநாட்டியதில் அதற்குப் பெரும்பங்குண்டு.

அட்டவணையாளர் பெயரைப் புனைய முடியாது. கலைஞர் எழுதிய தலைப்பு இருந்தால் அதையும், இல்லையேல் பொதுவிவரிப்பையும் தருவது அவர்தம் முறை. இதனால் 1870களில் எழுதப்படாமல் விடப்பட்ட பெயர், நூற்றாண்டு கடந்து, ‘இளம்பெண், இலங்கை’ என்பது போன்ற பொதுத்தலைப்பாக உறைந்துவிடுகிறது. இணையத் தேடலில் ‘தமிழ்’ என்ற சொல்லை உள்ளிடுபவருக்கு அப்படம் கிடைப்பதில்லை.

இவ்விடத்தில் சிவகாசியின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. தீப்பெட்டி லேபிள்களால் வளர்ந்த அவ்வூர் அச்சகங்கள் இருபதாம் நூற்றாண்டில் நாட்காட்டி, பட்டாசு லேபிள் வழியாகக் கோடிக்கணக்கான பெண்ணுருவங்களை நாடெங்கும் பரப்பின. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜுவின் (1898–1976) கையொப்பம் நாட்காட்டிப் படங்களில் அச்சாயிற்று. தெய்வத்தின் பெயர் உண்டு, நிறுவனத்தின் பெயர் உண்டு. முகத்துக்கு மாதிரியாக இருந்த பெண்ணின் பெயர் இல்லை. பெயர் யாருடைய தேவைக்காக அச்சேறுகிறது என்ற கேள்வி லேபிள் தொழிலை அறிந்த ஊருக்குப் புதிதன்று.

துணியும் உடலும்

இலங்கைப் படங்களிலுள்ள பெண்கள் அனைவரும் தமிழர் என்று கொள்வது பொருந்தாது. களுத்துறை சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் தாழ்நிலம். மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். படம் எடுத்த இடத்தை உறுதிசெய்வது ஆதலால் முதற்பணி. ஆடையை மட்டும் கொண்டு முடிவுசெய்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: கேமரன் அமர்வோரைத் தம் விருப்பப்படி உடுத்துபவர். நார்த்துக்கே சால்வை போர்த்தியவர் தோட்டத் தொழிலாளிக்கு வெள்ளைத் துணி சுற்றியிருக்க மாட்டார் என்று சொல்வதற்கில்லை.

உடலில் நிலைத்த அடையாளங்கள் அவ்வாறு மாற்றக்கூடியவை அல்ல. வளர்த்துத் தொங்கவிட்ட காது, மூக்குத் துளையின் பக்கமும் எண்ணிக்கையும், பச்சைக்குத்தின் கோலம் ஆகியவை பிறந்த ஊரையும் குலத்தையும் சுட்டுவன. பாம்படமும் தண்டட்டியும் அணிவதற்காகக் காது வளர்த்த மூதாட்டியரைச் சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டார ஊர்களில் அண்மைக்காலம் வரை காண முடிந்தது. எந்தத் துளை எந்த அணிக்கு, எந்த வயதில் இடப்பட்டது என்பதை அவர்தம் மகளிரும் பேத்தியரும் சொல்ல வல்லவர். 2013இல் கெட்டியும், 2017இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் தம் படங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டன. உயர் தெளிவுப் படிகளை ஊர்களுக்கு எடுத்துச் சென்று காட்டிக் கேட்கும் கள ஆய்வுக்குத் தடை இல்லை. அமெரிக்க அட்டவணையாளரால் செய்ய இயலாத இப்பணியை விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் நாட்டாரியல் மாணவர் செய்ய இயலும்.

தோட்டத்தில் எழுதப்பட்ட பெயர்

படத்தில் விடுபட்ட பெயர் தோட்டத்தில் எழுதப்படாமல் இல்லை. கூலி கணக்கிடப் பெயர் வேண்டும்; கங்காணியின் கடன் கணக்குக்கும் பெயர் வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் கூப்பிட்டு, செக்ரோலில் குறிக்கப்பட்ட பெயரே ஒரு நாள் கூலிக்கு ஆதாரம். மலையக வழக்கில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே நாட்கூலி என்னும் பொருள் உண்டு. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழுந்தது என்பர். ஆக, கேமரனின் ஒளிப்படப் பெட்டி முன் நின்ற பெண் தோட்டத் தொழிலாளியாயின், அவர் பெயர் அதே தோட்டத்து அலுவலகத்தில் மகனின் கணக்கேட்டில் இருந்திருக்கும். தாயின் ஒளிப்பட அட்டைக்கும் மகனின் கணக்கேட்டுக்கும் இடையே இருந்த தொலைவு சில அடிகளே.

முகமும் பெயரும் ஒரே தாளில் பெருமளவில் ஒன்றுசேர்ந்தது வேறொரு தேவையால். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றும் வகுத்தது. இந்தியாவுக்கு வர வேண்டியவர் கடவுச்சீட்டுக்காக ஒளிப்பட நிலையங்களில் அமர்ந்தனர். தோட்டத்துப் பெண்கள் பலர் தம் முகத்தைத் தாளில் முதன்முறை கண்டது அப்போதுதான். பெயர், தந்தை பெயர், பிறந்த இடம், முகம் ஆகிய நான்கும் ஒரே ஆவணத்தில் அமைந்த அக்கடவுச்சீட்டுகளோடு அவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். தாயகம் திரும்பிய குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் அவை இன்றும் உள்ளன. சில வீடுகளில் மூதாட்டி மறைந்த பின், கடவுச்சீட்டிலிருந்த அச்சிறு படத்தையே பெரிதாக்கிச் சட்டமிட்டு, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கின்றனர்.